ஏழு டாலர் விடுதலை

'ஆபிரகாம் லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார்.' பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்த வரி. இதைச் சொல்லிப் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியவர்கள்கூட நம்மில் உண்டு. எனக்கு லிங்கனோடு சண்டையில்லை. அந்தக் 'கொடுத்தார்' என்கிற வினைமுற்றோடுதான் சண்டை. ஒருத்தன் கொடுத்தான் என்று எழுதிவிட்டால், இன்னொருத்தன் கைநீட்டி நின்றான் என்றாகிவிடுகிறது. கொடுத்தவனுக்குச் சிலை, வாங்கியவனுக்கு ஆயுசுக்கும் நன்றிக்கடன். இந்த வித்தை நமக்குப் பழக்கம்தானே தோழர்களே? 'நாங்க கொடுத்த சலுகையிலதானே நீ மேல வந்தே' என்று சொல்லாத வாய் எந்த ஊரில், எந்த ஆபீசில் இருக்கிறது?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரலில் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்றத் தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின. பிரிய விடமாட்டோம் என்று வடக்கு படை திரட்டியது. ஆனால் அடிமைகளை விடுவிக்கவே போர் என்று அப்போது வடக்கு சொல்லவில்லை. 1862 ஆகஸ்டில்கூட லிங்கன் வெளிப்படையாக எழுதினார்: ஒரு அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்று.

போர் தொடங்கிய மறுமாதமே, 1861 மே மாதம், வெர்ஜீனியாவில் ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லொரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள் ராத்திரியில் படகேறி, வடக்குப் படை இருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தெற்குப் படைக்கு அரண் கட்ட அவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டையின் ஆள் வந்து திருப்பிக் கேட்டான். தளபதி பட்லர் தரவில்லை. சரி, என்ன பேரில் வைத்துக்கொண்டார்? மனுசங்க என்றா? எதிரியிடமிருந்து கைப்பற்றிய 'போர்ச் சரக்கு' என்று! சரக்கோ சாமானோ, ஆண்டையிடம் திரும்பப் போகவேண்டியதில்லை. செய்தி பரவியது. குடும்பம் குடும்பமாக, பெண்டு பிள்ளைகளோடு, தோட்டங்களைப் போட்டுவிட்டு வந்தார்கள். உழைப்பை நிறுத்தி எதிர்ப்பக்கம் நடந்த இந்த மக்களின் செயலைத்தான் 1935இல் டுபாய்ஸ் 'பொது வேலைநிறுத்தம்' என்று எழுதினார். லிங்கனின் பிரகடனம் 1863 ஜனவரி 1ஆம் தேதி. அதுவும் வடக்கோடு நின்ற அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தாது. அதற்கு ஒன்றரை வருசம் முன்னாலேயே மூன்று பேர் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. பற்று, வரவு எழுதுவது பிழைப்பு. 'கொடுத்த' கணக்கையும் பேரேட்டைப் பிரித்தே பார்த்துவிடலாம்.

முதல் கணக்கு. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தார்கள். நட்டஈடு, தலைக்கு 300 டாலர் வரை. யாருக்கு? ஆண்டைக்கு! தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவனுக்கு? நாட்டை விட்டே போவதாக இருந்தால் 100 டாலர் வரை தருவார்களாம். இருந்தால் ஒன்றுமில்லை.

இரண்டாம் கணக்கு. ஏறத்தாழ 1,79,000 கறுப்பர்கள் வடக்கின் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புப்படி தனி. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். கைக்கு வருவது 7. சார்ஜண்ட் ஆனாலும் அதே 7. சரணடைந்தாலும் உயிருக்கு உத்தரவாதமில்லாத சிப்பாய்க்குத்தான் இந்தச் சம்பளம். 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் சரணடைந்த கறுப்புச் சிப்பாய்களைத் தெற்குப் படை கொன்று குவித்தது. குண்டு நிறம் பார்க்கவில்லை, சம்பளப் பட்டுவாடா பார்த்தது.

1863 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் தேதி நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம். 300 டாலர் கட்டினால் பணக்காரன் போருக்குப் போகவேண்டாம் என்பது சட்டம். அந்த அநியாயத்தைக் கேட்கக் கிளம்பிய ஏழை வெள்ளையன் யாரை அடித்தான்? சட்டம் போட்டவனையா? கறுப்பர்களைத் தெருவில் தூக்கில் தொங்கவிட்டான். கறுப்பு அநாதைக் குழந்தைகளின் இல்லத்தைக் கொளுத்தினான். தனக்குக் கீழே ஒருத்தனை வைத்துக்கொண்டால்தான் தன் ஏழ்மை தாங்கும் என்கிற இந்த மனநோயை நாம் வேறு பேரில் அறிவோம். அதே வாரம் 18ஆம் தேதி, வாக்னர் கோட்டை மேல் பாய்ந்த மாசச்சூசெட்ஸ் 54ஆம் கறுப்புப் படை, தன் ஆட்களில் கிட்டத்தட்டப் பாதியைச் சாவாகவும் காயமாகவும் இழந்தது. அந்தப் படைதான் 7 டாலரைத் தொடமாட்டோம் என்று சுமார் பதினெட்டு மாதம் சம்பளமே வாங்காமல் சண்டை போட்டது. குறைகிற காசை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று மாநில அரசு சொன்னபோதும் வேண்டாம் என்றது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பசி கிடந்தார்கள். காசு மட்டுமா பிரச்சினை? மானம் ஐயா, மானம்!

தெற்குக் கரோலினாவின் மூன்றாம் கறுப்புப் படையில் வில்லியம் வாக்கர் என்று ஒரு சார்ஜண்ட். 1863 நவம்பரில் தன் ஆட்களோடு போய், துப்பாக்கிகளை அதிகாரியின் கூடாரத்து முன்னால் அடுக்கி வைத்தார். சம சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லை. ஒரு குண்டு சுடவில்லை. 1864 பிப்ரவரி 29ஆம் தேதி, கலகக் குற்றம் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். கொன்றது எதிரியல்ல, 'விடுதலை கொடுத்த' வடக்குப் படை. ஜூன் மாதம் சம சம்பளச் சட்டம் வந்தது.

மூன்றாம் கணக்கு, பெண்களுடையது. கென்டக்கியில் புருசன் படையில் சேர்ந்தால் அவனுக்கு விடுதலை. பெண்டாட்டி பிள்ளை அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்கள் நெல்சன் முகாமில் வந்து ஒண்டினார்கள். 1864 நவம்பரில், உறையும் குளிரில், சுமார் 400 பேரை வெளியே விரட்டிக் குடிசைகளை இடித்தது படை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஆண்கள் அந்நேரம் அதே படைக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தச் சாவு நாறிய பிறகுதான், 1865 மார்ச் 3ஆம் தேதி, சிப்பாய்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை என்று சட்டம் போட்டார்கள். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த சூசி கிங் டெய்லர் கறுப்புப் படைக்குத் துணி துவைத்தார், காயத்துக்கு மருந்து போட்டார், சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நாலு வருசத்துக்கு மேல் உழைத்தும் ஒரு டாலர்கூட வாங்கவில்லை என்று 1902இல் தானே எழுதினார். அவருக்கு 7கூட இல்லை.

கடைசிக் கணக்கு என் தொழிலைச் சேர்ந்தது. அதே 1865 மார்ச் 3இல் விடுதலையானவர்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பிச் சிப்பாய்களும் சலவைக்காரிகளும் காசு போட்டார்கள். பெரிய இடத்து வெள்ளையர்கள் அந்தப் பணத்தைக் கடனாக எடுத்து நில வியாபாரத்தில் விட்டார்கள். 1874இல் கதவு மூடியது. சுமார் 61,000 பேருடைய ஏறத்தாழ 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. அரசாங்கம் பொறுப்பேற்கவில்லை. ஆண்டைக்கு நட்டஈடு தர வக்கிருந்த அரசாங்கம்!

1873இல், இந்த வங்கி மூழ்குவதற்கு முந்தின வருசம், சோதிராவ் புலே மராத்தியில் 'குலாம்கிரி' வெளியிட்டார். அடிமை முறையை ஒழித்த அமெரிக்காவின் நல்ல மக்களுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். இங்குள்ளவர்களும் அவர்களைப் பார்த்துத் திருந்தட்டும் என்ற ஏக்கம் அது. புலே நமக்கு மூத்தவர்; அந்தப் பக்கத்தைக் கிழிக்க நான் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு பக்கம் சேர்க்கச் சொல்கிறேன். படகேறிய மூன்று பேருக்கு, துப்பாக்கியை அடுக்கி வைத்த வாக்கருக்கு, நெல்சன் முகாமில் குளிரில் செத்த பெண்களுக்கு, பேர் தெரியாத பிள்ளைகளுக்கு.

இனிமேல் எவனாவது 'நாங்க கொடுத்தோம்' என்று வந்தால் வாயடைத்து நிற்காதீர்கள். பேரேட்டைக் கேளுங்கள். யார் கணக்கில் வரவு, யார் உடம்பில் பற்று? அதைக் காட்டிவிட்டு அப்புறம் பேசட்டும்.