அனுமதிக்குப் பிறகு யார் பொறுப்பு?

மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றிய இந்திய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: அனுமதிக்கலாமா, கூடாதா? அனுமதித்த பின் வயலில் நிகழ்வதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதன் விலையைப் பருத்தி உழவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டனர்.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கப்பட்டபோது ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. வயலைச் சுற்றி ஐந்து வரிசையோ, மொத்தப் பரப்பில் 20 விழுக்காடோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி நடப்பட வேண்டும். இதுவே புகலிடப் பயிர். இதன் அடிப்படை எளிது. பி.டி. நஞ்சைத் தாங்கும் புழுக்கள் தொடக்கத்தில் மிகச் சிலவே. புகலிடத்தில் வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சிகளோடு அவை இணைந்தால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பி.டி. செடியைத் தின்று மடியும். புகலிடம் இல்லையேல் நஞ்சைத் தாங்குபவை தமக்குள் இணைந்து பெருகும்.

இந்தியாவில் நடந்தது பின்னதே. விதைப் பையுடன் தனிப் பொட்டலமாக வந்த 120 கிராம் சாதாரண விதையைப் பெரும்பாலான உழவர்கள் விதைக்கவில்லை. அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. ஓரிரு ஏக்கர் உடையவர் அதில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு இழப்பீடு இல்லை. 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தாங்கி வாழ்வதை மான்சாண்டோ நிறுவனமே அறிவித்தது. இரு நச்சுப் புரதங்கள் கொண்ட அடுத்த தலைமுறையும் சில ஆண்டுகளில் அப்புழுவிடம் தோற்றது. 2021இல் பஞ்சாபின் பதிண்டா, மான்சா மாவட்டங்களிலும் அதே புழு பெருஞ்சேதம் விளைவித்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில் உழவர்கள் புகலிடத்தைப் பேணினர்; பின்னர் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளும் பெருமளவில் விடப்பட்டன. 2018இல் தன் பருத்தி வயல்களில் இப்புழு ஒழிக்கப்பட்டதாக அந்நாடு அறிவித்தது. அது பெரும்பண்ணைகளின் நாடு எனலாம். ஆனால் சிறு உழவர்கள் நிறைந்த சீனத்தின் யாங்சி படுகையிலும், கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை விதைகளை விதைத்ததால் பி.டி. செடிகளும் சாதாரணச் செடிகளும் ஒரே வயலில் கலந்து வளர்ந்தன. புழுவின் தாங்குதிறன் குறைந்தது. தொழில்நுட்பம் ஒன்றே, அது நடைமுறையில் கையாளப்பட்ட விதம் வேறு.

இந்தப் பாடம் மரபணு மாற்றுக் கடுகுக்கும் பொருந்தும். 2022 அக்டோபரில் டி.எம்.எச்.-11 கடுகுக்குச் சுற்றுச்சூழல் விடுவிப்பு அனுமதி அளிக்கப்பட்டது. அது குளூஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கவல்லது. விதை உற்பத்திக்கு மட்டுமே அக்களைக்கொல்லி, உழவர் வயலில் கூடாது என்பது நிபந்தனை. களையெடுக்கக் கூலியாள் கிடைக்காத உழவர் அதை வாங்கித் தெளித்தால் தடுப்பவர் யார்? தேனீக்கள் மீதான விளைவை அறியும் கள ஆய்வுகளும் விடுவிப்புக்குப் பிறகு, விண்ணப்பதாரராலேயே நடத்தப்பட வேண்டும் என்றே கூறப்பட்டது.

2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இக்கடுகின் அனுமதி குறித்து மாறுபட்ட தீர்ப்பளித்தனர். எனினும் தேசியக் கொள்கை ஒன்று தேவை என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அக்கொள்கையில் நான்கு கூறுகளேனும் இடம்பெற வேண்டும். விண்ணப்பதாரரைச் சாராத அமைப்பு வயலைக் கண்காணிக்க வேண்டும். அதன் தரவுகள் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். நிபந்தனையை நிறைவேற்றும் செலவை விதை விற்பவரும் அரசும் ஏற்க வேண்டும். நிபந்தனை நடைமுறையில் இல்லையெனில் அனுமதி தானாகவே காலாவதியாக வேண்டும்.

இவை இல்லாத அனுமதி, அறிவியலின் பெயரால் ஆபத்தைச் சிறு உழவரின் தலையில் சுமத்துவதாகும். இவை இல்லாத தடையும் பயன் தராது: 2002க்கு முன்பே குஜராத்தில் பி.டி. பருத்தி திருட்டுத்தனமாக விளைந்துகொண்டிருந்தது.