தோட்ட வீடுகளுக்குக் கணக்கு வேண்டும்

வட சிலாங்கூரின் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், தோட்டங்கள் கைமாறியபின் பல்லாண்டு போராடி, 2023இல் 245 வீடுகளுக்கான அரசு அறிவிப்பைப் பெற்றனர். அறிவிப்பு மட்டுமே கூரையாகிவிடாது. இத்தகைய திட்டங்களில் கூட்டரசு நிதி தர, நில விவகாரம் மாநில அரசிடமும் கட்டுமான அனுமதி நகராண்மைக் கழகத்திடமும் இருப்பதால், தாமதத்துக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லாமற் போகும் அபாயம் உண்டு.

ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமித்துவருவதால், அவர்களை வாக்குச்சீட்டால் கேள்வி கேட்கும் வழியும் மக்களுக்கு இல்லை. மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் மானியங்கள் 2021இல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளானது, கண்காணிப்பற்ற உதவிநிதிக்கு நேரக்கூடியதை உணர்த்திய எச்சரிக்கையாகும்.

எனவே கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் நகராண்மைக் கழகங்கள் தத்தம் எல்லைக்குட்பட்ட தோட்ட வீடமைப்புத் திட்டங்களின் ஒதுக்கீடு, செலவு, பயனாளர் தேர்வுமுறை, பணி நிலவரம் ஆகியவற்றைக் காலாண்டுதோறும் தமிழிலும் மலாயிலும் வெளியிடவேண்டும். இத்திட்டங்களுக்குக் கண்காணிப்புக் குழு அமைத்து, அதில் தோட்டக் குடும்பங்களின் பேராளர்களுக்கும் இடமளிக்கவேண்டும்.