டைரிக்கு மூன்று வாசல்

"போன், டேப்லெட், கம்ப்யூட்டர்னு மூணு இருக்கே, டைரியை எதில் எழுதறது, மாமி?" என்று கேட்கிறாள் எதிர்வீட்டுப் பெண். எதில் எழுதினால் என்ன? ஒரே கணக்கில் நுழைந்தால் எல்லாம் ஒரே டைரியில் போய்ச் சேர்ந்துவிடும். மதியம் தலைவலி வந்தால் நேரத்தைப் போனில் குறித்துக் கொள்வேன். ராத்திரி அடுப்படி வேலை ஓய்ந்ததும் கம்ப்யூட்டரில் விரிவாக எழுதுவேன். டாக்டரிடம் போகும்போது ஒரு மாதக் கணக்கு தயார்!

2011ல் வந்த 'டே ஒன்' ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் உண்டு. ஆப்பிளின் 'ஜர்னல்' 2023 டிசம்பரில் ஐபோனுக்கு வந்தது. ஐபேடுக்கும் மேக்குக்கும் 2025ல்தான். பல கருவிகளில் பயன்படுத்தச் சில ஆப்கள் காசு கேட்கும். முதலிலேயே பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆனால் சகோதரிகளே, மூன்று கருவி என்றால் டைரிக்கு மூன்று வாசல். போனைப் பூட்டிவிட்டு, குழந்தைகள் விளையாடும் டேப்லெட்டைத் திறந்து போட்டால் என்ன பிரயோஜனம்? மனசில் இருப்பதெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும்! பொதுக் கருவியில் டைரியே வேண்டாம். மற்றவற்றில் ஆப்புக்கென்று தனிப் பூட்டு போடுங்கள்.

இன்னொன்று: ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துபோகும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் பிரதி எடுத்து, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுங்கள்.