சங்கப் பாடலும் கடல் கடந்த உரையும்

சங்க இலக்கியத்தை வெளிநாட்டில் ஒருவர் ஆராய்ந்தால் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். அவருக்கு மாலை சூட்டுகிறோம். அல்லது, ‘இவருக்கு என்ன தமிழ் தெரியும்?’ என்று முகந்திருப்புகிறோம். இரண்டுமே அவர் நூலை வாசிக்காமல் செய்யக்கூடியவை.

சீனக் கவிதைக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். எஸ்ரா பவுண்ட் 1915இல் ‘கத்தே’யை வெளியிட்டபோது அவருக்குச் சீனமொழி தெரியாது. மறைந்த பெனலோசாவின் குறிப்புகளே அவருக்குத் துணை. பெனலோசா ஜப்பானிய ஆசிரியர்களிடம் பாடங்கேட்டவர் ஆதலால், லி பாய் என்னும் பெருங்கவிஞர் அந்நூலில் ‘ரிஹாகு’ ஆனார். ஆயினும் ஆங்கிலப் புதுக்கவிதையின் நடையை மாற்றிய நூல்களுள் அதுவும் ஒன்று.

தமிழ் அவ்வகையில் பேறு பெற்றது. 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுஜன் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். ‘தலைவி கூற்று’ என்பதை ‘அவள் சொன்னது’ என்று எளிமையாக்கினார். வினைமுற்றுக்காகக் காத்திருக்கும் நம் வாக்கியத்தின் மெதுவான விரிவை, வரிகளை உடைத்தும் இடைவெளி விட்டும் கண்ணுக்குக் காட்டினார். ஜோர்ஜ் ஹார்ட், ஹாங்க் ஹைபெற்சுடன் சேர்ந்து 1999இல் புறநானூறு முழுவதையும் மொழிபெயர்த்தார்.

புத்துரை எல்லாம் நல்லுரையாகிவிடாது. சங்கப் பாடல்கள் 8ஆம், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் அவையில், பழமையின் வேடம் புனைந்து எழுந்தவை என்று ஹெர்மன் தீக்கன் 2001இல் எழுதினார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. வருத்தம் என்னவெனில், அந்த விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்து முடிந்தது. நம் இலக்கியத்தின் வயதைப் பற்றிய வழக்கில் நாம் பார்வையாளராய் இருந்தோம்.

திருகோணமலை போன்ற நெய்தல் நிலத்தில் வாழ்வோர்க்கு இது கூடுதலாக உறுத்த வேண்டும். புன்னையும் தாழையும் ஆங்கில வாசகனுக்கு அடிக்குறிப்புகள். எங்கள் பிள்ளைகளுக்குக் கரையோர மரங்கள். காயும் மீனைக் கவரவரும் பறவையை ஓட்டும் நெய்தற் பெண்ணை விளங்கிக்கொள்ள, கருவாடு காயும் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு உரையாசிரியர் தேவையில்லை. அந்தப் பிள்ளையோ வகுப்பறையில் திணை, துறை, கூற்று என்று பரீட்சைக்கு மனனம் செய்கிறது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை அதே பாடலை ஆங்கிலத்தில் படித்து மகிழ்கிறது. இதில் குறை மொழிபெயர்ப்பாளருடையதன்று.

ஈழத்தவர்க்கு இப்பணி புதிதுமன்று. கலித்தொகையை 1887இல் பதிப்பித்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய மொழிகளின் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, 1968இல் ஆங்கிலத்தில் நூல் தந்தவர் க. கைலாசபதி. உலகத்தோடு பேசும் துணிவு அவர்களிடம் இருந்தது. மூலத்தில் ஆழ்ந்த பயிற்சியும் இருந்தது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மூலத்தையும், இன்றைய தமிழில் ஓர் எளிய வடிவத்தையும், ஆங்கில மொழிபெயர்ப்பையும் மாணவர் முன் அருகருகே வையுங்கள். எங்கே பொருள் கூடியது, எங்கே குறைந்தது என்று அவர்களே வாதாடட்டும். கடல் கடந்தவர் சொல்லும் உரையை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முதல் தகுதி, மூலத்தை நாமே வாசித்திருத்தல்.