கோடை கழிந்த பின் குளிர்சாதனம்



கத்திரி வெயில் தணிந்துவிட்டது. மூன்று மாதங்களாக இரவெல்லாம் ஓடிய குளிர்சாதனக் கருவியை நிறுத்தி, ரிமோட்டை ஒரு பையில் இட்டு அலமாரியில் வைத்துவிட்டோம். இனி அடுத்த பங்குனியில்தான் அதன் நினைவு நமக்கு வரும். இந்த மறதியைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறேன். இக்கருவியால் நம் இல்லங்களில் நேரும் வீண் செலவும், மனத்தாங்கலும், சில வேளைகளில் உயிருக்கே வரும் ஆபத்தும் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

வீடு மந்திரிக்கச் செல்லும் இடமெல்லாம் பார்க்கிறேன். ஒரு காலத்தில் மருத்துவர் வீட்டிலும் வங்கி மேலாளர் வீட்டிலும் மட்டுமே காணப்பட்ட கருவி, இன்று தவணைக்கு வாங்கப்பட்டு ஆசிரியர் வீட்டிலும் ஓட்டுநர் வீட்டிலும் சுவரேறி அமர்ந்திருக்கிறது. இதனை ஆடம்பரம் என்று கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஓட்டுக்கூரை போய்க் கான்கிரீட் தளம் வந்துவிட்டது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழ்கிறது. படுக்கையிற் கிடக்கும் முதியோர் அதைத் தாங்குவதெங்ஙனம்? எனினும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலின் 55-ஆம் பத்தியில், தீங்கு பயக்கும் நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனப் பயன்பாடு பெருகிவருவதையே சுட்டினார் என்பதையும் மறத்தலாகாது. தேவைக்குப் பயன்படுத்துவோம், பயன்படுத்துவதைப் பழுதின்றிப் பேணுவோம் என்பதே என் நிலை.

முதலில் இக்கருவி செய்யும் வேலை யாது என்று அறிந்துகொள்வது நலம். அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் ஒரே கருவி வைப்பார்கள். நம் வீடுகளில் அறைக்கொரு கருவி. வேலை ஒன்றேதான். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துச் சென்று வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. உள்ளிருக்கும் பெட்டியில் வெப்பத்தை ஏற்றுக்கொண்ட வாயு, குழாய் வழியே வெளிப்பெட்டிக்குச் சென்று, அங்கே அமுக்கப்பட்டு, வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரும்புகிறது. கடையில் ‘ஒரு டன்’ என்று கூறுவது பெட்டியின் எடையன்று. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் என்பதே அதன் பொருள்.

இனி, கணவரை இழந்த தாய் ஒருவர் எழுதியுள்ள கடிதத்திற்கு வருகிறேன். “சுவாமி, ஒவ்வொரு ஆண்டும் சித்திரை பிறந்தால் ஏ.சி. குளிர்வதில்லை. மெக்கானிக் வந்து, கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பிச் செல்கிறார். குடும்ப ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அந்த மாதம் இதற்கே போய்விடுகிறது. என் மாமியார் படுத்த படுக்கையாயிருப்பதால் கருவியை நிறுத்தவும் முடியவில்லை” என்கிறார் அவர்.

அம்மா, கேஸ் தீர்வதில்லை. சமையல் வாயுவைப் போல அது எரிந்து செலவாகும் பொருளன்று. அடைபட்ட குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். கசிவு இல்லையேல், பொருத்திய நாளில் இருந்த வாயு கருவியின் ஆயுட்காலம் முழுவதும் அப்படியே இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் குறைகிறதென்றால் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையை அடைக்காமல் வாயுவை நிரப்புவது, கிழிந்த பையில் அரிசி போடுவதற்கு ஒப்பாகும். அடுத்த முறை மெக்கானிக் வரும்போது அவரிடம் கனிவாகவும் உறுதியாகவும் கூறுங்கள்: “தம்பி, முதலில் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள்.” நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அழுத்தம் குறைகிறதா என்று பார்த்து, இணைப்புகளிற் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓட்டையைப் பற்றவைத்து மூடி, குழாயினுள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அறவே நீக்கி, அதன் பின்னரே புது வாயுவை நிரப்ப வேண்டும். எவ்வளவு நிரப்புவது என்பது வெளிப்பெட்டியில் ஒட்டிய தகட்டிலேயே கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். நிறுத்துப் போட வேண்டுமேயன்றி, கைப்பதமாகப் போடுவது முறையன்று.

இதில் உங்கள் ஓய்வூதியம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. கசிந்த வாயு எங்கே போகிறது? பழைய கருவிகளில் உள்ள ஆர்-22 என்னும் வாயு, வானிலுள்ள ஓசோன் படலத்தை அரிப்பது; அத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தவே 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை எழுந்தது. இப்போது பெரிதும் வழங்கும் ஆர்-32 ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ ஆர்-32 காற்றிற் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 675 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடேற்றும். நம் வீட்டுக் கசிவு, கருவி வாங்க வழியற்றவன் குடிசையை இன்னும் சூடாக்குகிறது.

வீட்டார் தாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதுவே தலையாயது. உள்பெட்டியின் மூடியைத் தூக்கினால் வலை போன்ற வடிகட்டி இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதனைக் கழற்றி, குழாய் நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போன பின் மாட்ட வேண்டும். கொதிநீர் ஆகாது, வலை சுருங்கிவிடும். கருவி நாள்தோறும் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறையும், மற்றக் காலத்தில் மாதம் ஒரு முறையும் போதும். நாள் மறந்துபோகும் என்போர் முதல் வெள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள வளர்ந்த பிள்ளையிடம் இப்பணியை ஒப்படைத்தல் நன்று. வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறையும். உள்ளிருக்கும் சுருள் பனிபிடிக்கும். பின்னர் அது உருகித் தலையணைமேற் சொட்டும். அறை குளிரவில்லை என்று நாம் 18 பாகைக்கு இறக்குவோம், மின்கட்டணம் ஏறும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று கருதப்படுவனவற்றுட் சில வெறும் தூசியே.

பாகையைப் பற்றி ஒரு சொல். எரிசக்திச் சிக்கனச் செயலகத்தின் விதிப்படி, நட்சத்திரக் குறியிட்ட அறைக் கருவிகள் 2020 சனவரி முதல் 24 பாகையில் தொடங்குமாறே அமைக்கப்பட்டு வருகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது அச்செயலகத்தின் கணக்கு. 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்துக்கொண்டு உறங்குவோரைப் பற்றி நான் யாது கூறுவேன்!

கடற்கரைப் பங்குகளில் உள்ளோர் வெளிப்பெட்டியையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளையும் செப்புக் குழாயையும் அரித்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின், நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம். ஐப்பசி மழைக்கு அஞ்சி வெளிப்பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிவைப்பார் சிலர். ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும், எலியும் குடிபுகும். அது மழையில் நிற்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி.

மெக்கானிக்கை எப்போது அழைப்பது? இதுதான் நான் முக்கியமாகக் கூற விரும்புவது. சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையில் வரும், அதற்குள் அழைத்துவிடுங்கள். சித்திரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைக்கிறோம். நம் பங்கு இளைஞர் சிலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அம்மாதங்களில் அவர்கள் ஞாயிறு திருப்பலிக்கும் வர இயலாமல் வீடு வீடாக ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் கசிவைத் தேட நேரம் ஏது? வாயுவை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டிற்குப் போவதே வழக்கமாகிவிடுகிறது. அதனினும் கொடிது, மூன்றாம் மாடிச் சுவரில், கால் வைக்க ஒரு முழ இடமில்லாத சன்னல் மேற்றளத்தில், இடுப்பில் கயிறின்றி அப்பிள்ளை நிற்பதை நாம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதிதாகப் பொருத்துவோர், வெளிப்பெட்டியை ஆள் நின்று வேலை செய்யக்கூடிய மாடியிலோ மொட்டைமாடியிலோ வையுங்கள். குழாய் நீளத்திற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும். ஏற்கனவே சுவரில் தொங்குவதாயின், இடுப்புப் பட்டையின்றி ஏறக்கூடாது என்று கூறும் உரிமை வீட்டாருக்கு உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வெளிப்பெட்டியிலுள்ள கெப்பாசிட்டர் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும், அதனைத் தொடாதீர்கள். கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை எவரேனும் செலுத்த முற்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். அது உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 வாயுவும் தீப்பற்றக்கூடியது. குழாயிலிருந்து அதனை முறைப்படி நீக்காமற் பற்றவைப்பது ஆபத்து.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. சுவரிற் பொருத்தும் இக்கருவி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. ஆதலால் காலையும் மாலையும் சன்னல்களைத் திறந்துவைத்தல் வேண்டும். பச்சிளங்குழந்தை இருக்கும் வீடுகளில் இது பன்மடங்கு முக்கியம். குழந்தையைக் குளிப்பாட்டி, தணலில் சாம்பிராணி தூவி முடி உலர்த்துவது நம் தாய்மாரின் வழக்கம். காற்றோட்டமான பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் அது செய்யப்பட்டது. இன்றோ, குளிர் வெளியே போய்விடும் என்று கதவையும் சன்னலையும் அடைத்த அறைக்குள் தணற்சட்டியைக் கொண்டுபோகிறார்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சாம்பிராணி மணத்தில் நமக்குச் சந்தேகமும் வராது. தாயும் சேயும் உறக்கம் என்று எண்ணியே மயங்கிவிடக்கூடும். ஆகவே, சாம்பிராணி காட்டும் நேரத்தில் கருவியை நிறுத்துங்கள். சன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். தணற்சட்டியை வீட்டிற்கு வெளியே கொண்டுபோய் வைத்து, புகை முழுதும் அகன்ற பின்னரே கதவைச் சாத்துங்கள்.