காடு காலியாக இல்லை

விசைத்தறிப் பட்டறைகளுக்கு நாலு நாள் விடுமுறை கிடைத்தால் குமாரபாளையத்திலிருந்து மலைக்கு வேன்கள் கிளம்பிவிடும். பவானி, சத்தியமங்கலம், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆசனூர், பந்திப்பூர், முதுமலை, கூடலூர், ஊட்டி. வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிற அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளோடு யானை பார்க்கப் போவதை வீண் செலவு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. ஊர் சுற்றிப் பார்ப்பதுகூட நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. 1934ல் அம்பேத்கர் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனபோது, அவர்களில் சிலர் அங்கிருந்த குளத்துத் தண்ணீரில் முகமும் காலும் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலரையும் கூடவே அனுப்பித்தான் கோட்டையைச் சுற்றிக் காட்டினார்கள்.

ஆகவே போவோம், தாராளமாகப் போவோம். ஆனால் அந்த வரலாறு உள்ள நாம், வேன் ஜன்னல் வழியே எதைப் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சத்தியமங்கலம் காட்டில் சோளகர், ஊராளி, இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களின் நிலத்துக்கும் வனத்துக்கும் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006ல் வந்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு உத்தரவால் பட்டா வழங்குவது தடைபட்டது. அந்தத் தடை உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது 2016ல். இடையில், 2013ல், இந்தக் காடு புலிகள் காப்பகமானது. மக்களின் பட்டா காத்திருந்தது. புலியின் அரசாணை காத்திருக்கவில்லை.

முதுமலைக்கு வாருங்கள். தெப்பக்காடு யானை முகாமில் யானையைப் பராமரிப்பவர்கள் ஆதிவாசிகள். பொம்மன், பெள்ளி பற்றிய ஆவணப்படம் 2023ல் ஆஸ்கர் வாங்கியபோது நாடே கைதட்டியது. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. புலி வாழிடங்களின் மையப் பகுதிகளில் இருக்கும் 591 ஊர்களை, 64,801 குடும்பங்களை, முன்னுரிமை கொடுத்து வெளியேற்றச் சொன்னது அந்தக் கடிதம்.

கூடலூரில் செல்ஃபி எடுக்கிற தேயிலைச் சரிவுக்கும் ஒரு கதை உண்டு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பி வைத்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க அரசு உருவாக்கிய தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அந்த மக்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். இப்போது அத்தோட்ட நிலங்களில் ஒரு பகுதி மீண்டும் வனத்துறைக்குப் போகிறது. கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள் லயன் வீட்டைக் காலி செய்தால் எங்கே போவார்கள்?

"அப்போ புலி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆசனூருக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள சோளகர்களின் சமூக வன உரிமை 2011ல் அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. சோளகரும் இருக்கிறார்கள், புலியும் இருக்கிறது. ஆளில்லாத காடுதான் அசல் காடு என்பது ரிசார்ட்டின் பால்கனியில் உட்கார்ந்து பார்க்கிறவரின் ஆசை. அதே மக்களை வெளியேற்றச் சொல்கிறவர்கள் ரிசார்ட்டுக்கும் சஃபாரி ஜீப்புக்கும் அந்த அவசரத்தைக் காட்டுவதில்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். கிளம்பும் முன் வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவைப் படியுங்கள். உரிமைகளை முதலில் அங்கீகரிக்காமல், கிராம சபையின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் யாரையும் அகற்ற முடியாது என்கிறது அது. போகிற ஊரில் தேன் விற்கும் அக்காவிடம் விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: "பட்டா வந்துச்சாக்கா? கிராம சபை கூடுச்சா?" அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம்.