பழைய நிலைக்குத் திரும்பும் உரிமை

விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள், வாங்கியவன் கையில் பழுதுபடாமலும், விற்றவனைக் குறை கூற இடமில்லாமலும் இருக்கும்போதே, அவ்விருவரோடும் யாதொரு சம்பந்தமுமில்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று எங்கோ தொலைதூரத்தில் செய்த காரியத்தால் ஓரிரவில் பாதி பயனற்றுப் போகுமானால், அந்த நஷ்டத்திற்கு யார் உத்தரவாதம் என்னும் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இன்னும் தெளிவான விடை இல்லை. கைப்பேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது. மறுநாள் காலையில் காரிலுள்ள ஸ்டீரியோ ஊமையாகிவிடுகிறது. பாட்டுக் கேட்க முடியாமற் போனதைப் பெரிதுபடுத்தலாமா என்று நினைப்பவர்கள், காரையே ஜீவனமாகக் கொண்டவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி. முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில், ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்திற்கும் யாத்திரிகர்களையும், அண்ணாமலை நகரில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர்களையும் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் ஓட்டுநர்கள் அநேகர் உண்டு. அவர்களிற் பலர் பழைய கார்களைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறவர்கள். ரயிலடியில் நிற்கும் பிரயாணி, "எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கும் அழைப்பு, வண்டி ஓடும்போதுதான் வரும். அதைக் கையில் எடுத்துப் பேசினால் குற்றம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் ஏந்திய தொடர்புச் சாதனத்தை ஓட்டுகையில் உபயோகிப்பதை அபாயகரமாக ஓட்டுதலோடு சேர்த்து, முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அது நியாயமான சட்டமே. ஆனால் அதற்குக் கீழ்ப்படிவதற்காக ஓட்டுநன் பொருத்திக்கொண்ட சாதனம், அவன் சம்மதமின்றியே செயலிழந்தால் அவன் என்ன செய்வான்? அவன் கை மறுபடியும் கைப்பேசியைத்தான் நாடும்.

முதுநகரிலுள்ள கார் உபகரணக் கடையொன்றில் அண்மையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஓட்டுநர் ஒருவர் வந்து, பாட்டு வருகிறது, பாட்டின் பெயர் வருவதில்லை, அழைப்பு வந்தால் குரல் போனிலேயே நின்றுவிடுகிறது என்றார். கடைப் பையன் கேட்ட முதற் கேள்வி, "அண்ணே, போனை அப்டேட் பண்ணீங்களா?" என்பது. "நான் எங்கப்பா பண்ணேன்? ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்தேன், காலையில அதுவா மாறிக் கெடக்குது" என்றார் அவர். பையன் ஸ்டீரியோவிலிருந்த பழைய இணைப்புகளையெல்லாம் அழித்தான், கைப்பேசியிலும் அழித்தான், மறுபடி இணைத்தான், பயனில்லை. பிறகு கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டி, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத 'டெவலப்பர் ஆப்ஷன்' பகுதியைத் திறந்து, அதிலே புளூடூத்தின் ஏவிஆர்சிபி என்னும் விதிமுறையின் பதிப்பைப் பழைய எண்ணுக்கு மாற்றினான். பாட்டின் பெயர் திரையில் திரும்பி வந்தது. அழைப்பின் குரல் வரவில்லை. "புது செட்டுதான் போடணும்ணே" என்று அவன் சொன்னபோது, அந்த ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் தம் பழைய ஸ்டீரியோவைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சென்றார். அதன் பொத்தான்கள் எல்லாம் நன்றாகவே வேலை செய்தன, ஒலிபெருக்கிகளும் பழுதில்லை.

இது எப்படி நேர்கிறதென்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-இல் கூடி அமைத்த புளூடூத் என்னும் ஏற்பாட்டில், பாட்டை அனுப்புவதற்கு ஒரு விதிமுறை, அடுத்த பாட்டுக்குத் தாவவும் பாட்டின் பெயரைக் காட்டவும் மற்றொரு விதிமுறை, அழைப்பின் குரலைக் கடத்த வேறொரு விதிமுறை, பெயர்ப்பட்டியலைப் பகிர இன்னொன்று என்று பல உண்டு. கைப்பேசியும் ஸ்டீரியோவும் இணையும் கணத்தில், தாம் எந்த எந்த விதிமுறையை எந்தப் பதிப்பு வரை அறிந்தவை என்று ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கின்றன. புதுப்பிக்கப்பட்ட கைப்பேசி தான் அறிந்த புதிய பதிப்பைச் சொல்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்து, அதன்பின் ஒரு திருத்தமும் பெறாத ஸ்டீரியோவின் மென்பொருள் சரியாக எழுதப்பட்டிருந்தால் தெரியாததைத் தள்ளித் தெரிந்ததை ஏற்கும். அவ்விதம் எழுதப்படாதவை தடுமாறுகின்றன. ஆகவே குற்றம் முழுவதும் கைப்பேசிக்காரருடையது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்டீரியோ நேற்று வரை வேலை செய்தது, இன்று செய்யவில்லை. இடையில் மாறியது கைப்பேசி ஒன்றே.

புதுப்பிப்பே வேண்டாம் என்று சொல்வதும் பேதைமை. 2017 செப்டம்பரில் 'புளூபார்ன்' என்ற பெயரில் வெளிப்பட்ட புளூடூத் குறைபாடுகள், உரிமையாளர் எதையும் தொடாமலே அந்நியர் ஒருவர் அவருடைய சாதனத்திற்குள் காற்று வழியாகப் புகுந்துவிடக்கூடிய அபாயத்தைக் காட்டின. உலகெங்கும் கோடிக்கணக்கான சாதனங்கள் அதற்கு உட்பட்டிருந்தன. அவற்றை அடைத்தது மென்பொருள் புதுப்பிப்பே. பணப் பரிவர்த்தனை முழுவதையும் கைப்பேசியில் வைத்திருக்கும் நம் ஜனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இன்றியமையாதது. நான் ஆட்சேபிப்பது வேறொன்றை: பாதுகாப்புக்கான திருத்தத்தையும், அலங்காரத்திற்கும் புதுமைக்குமான மாற்றத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எடுத்துக்கொண்டால் இரண்டையும் எடுத்துக்கொள் என்று நிர்ப்பந்திப்பதையும், எடுத்துக்கொண்டபின் திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிடுவதையுமே ஆட்சேபிக்கிறேன்.

அவ்வழி அடைபடுவது உண்மை. ஐஃபோனுக்குரிய புதிய பதிப்பு வெளியானபின் சில வாரங்களுக்குள் பழைய பதிப்பிற்கு அங்கீகார முத்திரை அளிப்பதை ஆப்பிள் நிறுத்திவிடுகிறது. அதன்பின் பழையதை நிறுவ இயலாது. 2022-இல் கூகுள் தன் பிக்சல் 6 வகைக் கைப்பேசிகளுக்கு ஆண்ட்ராய்டு 13-ஐ அளித்தபோது, மீண்டும் 12-க்குத் திரும்ப முடியாதபடி பூட்டியே அளித்தது. பழைய பதிப்பிலுள்ள ஓட்டைகளைத் திருடர்கள் பயன்படுத்தாதிருக்கவே இவ்வாறு செய்கிறோம் என்பது அவர்கள் கூறும் சமாதானம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 2021-இல் ஐஓஎஸ் 15 வெளிவந்தபோது, விரும்புகிறவர்கள் 14-லேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று அதே ஆப்பிள் நிறுவனமே வழிசெய்திருந்தது; 2022 ஜனவரியோடு அச்சலுகை முடிந்துவிட்டது. சில மாதங்கள் செய்ய முடிந்ததைச் சில ஆண்டுகள் செய்ய முடியாதென்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதில் காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. நம் நாட்டில் சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின்னும் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கைப்பேசியை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடும் வழக்கமுள்ள ஒரு தொழிலோடு இந்த நீண்ட ஆயுளுள்ள பொருள் பிணைக்கப்பட்டிருக்கிறது. 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் அமியோ காரின் திரையில் கைப்பேசியின் செயலிகளைக் காட்டும் 'மிரர்லிங்க்' என்ற வசதி உண்டென்பது அப்போது ஒரு பெருமையாகச் சொல்லப்பட்டது. கார் நிறுவனங்களும் கைப்பேசி நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த பொது ஏற்பாடு அது. 2020 ஜூன் 1-ஆம் தேதியோடு சாம்சங் தன் கைப்பேசிகளில் அதற்கு அளித்து வந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. காருக்கு வயது அப்போது நான்கு. விலை உயர்ந்த கார்களுக்கும் தொல்லை வராமலில்லை: 2023-இல் ஐஃபோன் 15-ஐச் சில கார்களின் கம்பியில்லா மின்னேற்றத் தட்டில் வைத்தபின் அதன் பணம் செலுத்தும் வசதி நின்றுபோயிற்று, பிஎம்டபிள்யூ உரிமையாளர்கள் முறையிட்டனர், அவ்வாண்டு நவம்பரிலேயே ஐஓஎஸ் 17.1.1 அதற்குப் பரிகாரம் கொண்டுவந்தது. உயர்ந்த காருக்கு வாரக்கணக்கில் கிடைத்த பரிகாரம், பத்தாண்டுப் பழைய ஸ்டீரியோ வைத்திருக்கும் முதுநகர் ஓட்டுநருக்கு எந்த வருஷத்திலும் கிடைப்பதில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

மாற்றம் என்பதை இவ்வூரார் அறியாதவர்கள் அல்லர். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மீட்டர் அகலமுள்ளதாக இருந்து, பின்பு 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாகி, 2010-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய எஞ்சினும் பெட்டியும் புதிய தண்டவாளத்தில் ஓடா. அதுவும் பொருத்தம் அற்றுப்போகும் மாற்றமே. வேலை முடியும் வரை ரயிலின்றி ஜனங்கள் பட்ட அவதியும் கொஞ்சமன்று. எனினும் எந்தத் தேதியில் எந்த வண்டி நிற்கும் என்று முன்னரே அறிவித்தார்கள். தாமதத்தைக் கண்டித்து மனுக் கொடுக்க ஓர் அலுவலகமும், கேள்வி கேட்கப் பாராளுமன்றமும் இருந்தன. பழைய பெட்டியை வைத்திருந்ததற்காகப் பிரயாணி தன் கைப்பணத்தில் புதுப்பெட்டி வாங்க வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியில் நடக்கும் பாதை மாற்றத்திலோ, "குறைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது" என்ற ஒரு வரியே முன்னறிவிப்பு. செலவு முழுவதும் உபயோகிப்பவனுடையது.

பிற தேசங்கள் இதைக் கவனித்திருக்கின்றன. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. தாங்க முடியாத பழைய கைப்பேசிகளில் புதுப்பிப்பை நிறுவும்படி வாடிக்கையாளர்களைத் தூண்டினார்கள், விளைவை எடுத்துச் சொல்லவில்லை, முந்திய நிலைக்கு மீள வழி தரவில்லை என்பவை அவ்வாணையம் கண்ட குற்றங்கள். டிஜிட்டல் சேவைகள் குறித்து 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நெறியாணையின் 19-ஆம் உறுப்பு, அவசியத்திற்கு மேற்பட்ட மாற்றம் எதையும் தகுந்த காரணத்தோடும், கூடுதல் செலவு வைக்காமலும், தெளிவாகத் தெரிவித்துமே செய்யலாம் என்கிறது. மாற்றம் நுகர்வோனைக் கணிசமாகப் பாதித்தால், அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், அன்றிப் பழைய நிலையிலேயே தொடர அவனுக்கு இடமளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளையும் குறைபாடுள்ள சேவையையும் விரிவாகவே வரையறுத்திருக்கிறது. ஆனால் விற்றபின் விற்றவனே தூரத்திலிருந்து பொருளை மாற்றுவதைப் பற்றி அது தனியே பேசவில்லை. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு ஓட்டுநர் சென்றால், கைப்பேசிக்காரர் எங்கள் கைப்பேசி நன்றாக இருக்கிறது என்பார். ஸ்டீரியோக்காரர் எங்கள் ஸ்டீரியோ மாறவேயில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். இந்த இடைவெளியை அடைக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணையத்தில் வாடிக்கையாளரை வஞ்சிக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. வேண்டாம் என்றாலும் விடாமல் நச்சரிப்பது அவற்றுள் ஒன்று. அதே அதிகாரத்தைக் கொண்டு புதுப்பிப்புகளுக்கும் விதி செய்யலாம். இணைப்பு வசதிகளில் எது மாறுகிறதென்பதைத் தமிழிலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் தனியே கிடைக்க வேண்டும். நிறுவியபின் முப்பது நாளுக்குள்ளாவது முந்திய பதிப்பிற்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். கார் விற்பவர்களும், காரின் பதிவு நீடிக்கும் 15 ஆண்டுகள் வரை ஸ்டீரியோவின் மென்பொருளைத் திருத்தித் தரக் கடமைப்பட்டவர்கள் ஆகவேண்டும்.

புயல் கரையைத் தொடும் மாவட்டம் இது என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபின் எத்தனையோ நாள் மின்சாரமின்றி இருந்தோம். காரின் பேட்டரியில் ஓடும் வானொலி எந்தக் கைப்பேசியின் அனுமதியையும் வேண்டாதது. ஒயர் செருகும் ஆக்ஸ் துளையும் அத்தகையதே. புதிய கார்களில் இவற்றை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கைப்பேசித் திரையோடு இணைக்கும் போக்கு வளர்வது நல்லதன்று. கைப்பேசிகளிலுள்ள எஃப்எம் வசதியை முடக்க வேண்டாமென்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு, கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியதும் பேரிடர்க் காலத்தை எண்ணியே.

இத்தகைய விதிகள் வரும்வரை ஓட்டுநர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. புதுப்பிப்பு வந்த தேதியையும், அமைப்புகளில் காட்டும் மென்பொருள் எண்ணையும், ஸ்டீரியோவின் மாடலையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையீட்டைப் பதிவு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மாவட்ட ஆணையத்தில் வழக்கிடக் கட்டணமில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். ஐஓஎஸ் 18 புதுப்பிப்புக்குப் பின் கைப்பேசிகளில் ஏற்பட்ட கோளாறு குறித்து 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதற்குக் காரணமாயிருந்தவை, அந்த உதவி எண்ணுக்கு வந்து சேர்ந்த முறையீடுகளே.